எலும்பு கூடிய பிறகும் ஊன்றாத பாதம்: ஒரு நசுங்கு காயத்தின் 14 மாதங்கள்

இந்த ஆய்வுக்குரிய நோயாளி 38 வயது ஆண். சரக்குக் கிடங்கு ஒன்றில் சுமை ஏற்றி இறக்கும் பிரிவின் மேற்பார்வையாளர். நீரிழிவோ இரத்தக்குழாய் நோயோ இல்லை. நாளொன்றுக்கு ஏழெட்டு சிகரெட் புகைக்கும் பழக்கம் இருந்தது. அவருடைய ஒப்புதலைப் பெற்று, அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு இதை எழுதுகிறேன். அறுவை சிகிச்சை அணியில் நான் இல்லை. காயம் பட்ட மூன்றாம் நாளிலிருந்து அவருக்கு இயன்முறை சிகிச்சை அளித்தவன் நான் என்பதால், முதல் இரண்டு நாட்களின் செய்திகளை மருத்துவக் குறிப்புகளிலிருந்தும் மற்றவற்றை என் பதிவேட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இதை விரிவாக எழுதத் தூண்டியது ஒரு முரண்பாடு. 12-ஆம் வாரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் முறிந்த எலும்புகள் அனைத்தும் கூடியிருந்தன. படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். ஆனால் அந்த வாரத்தில்தான் அவரால் அந்தப் பாதத்தின்மீது ஐந்து கிலோ எடையைக்கூடத் தாங்க முடியவில்லை. நசுங்கிய பாதத்தை முறிந்த பாதமாக மட்டும் கணக்கிட்டதால் வந்த வினை அது; அதில் எனக்கும் பங்கு உண்டு.

காயம் பட்ட விதம்

பின்னோக்கி வந்துகொண்டிருந்த ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று திரும்பியபோது, அதன் பின் சக்கரம் அவருடைய வலது பாதத்தின்மீது ஏறி இறங்கியது. இந்த வண்டிகள் பின் சக்கரங்களால் திரும்புகின்றன என்பதால், ஓட்டுநர் சிறிதளவு வளைத்தாலும் வால்பகுதி வெளிப்புறமாக வீசிச் செல்லும். பக்கவாட்டில் நிற்பவர் அதை எதிர்பார்ப்பதில்லை. 2 டன் தூக்கும் திறனுள்ள வண்டியின் வெறும் எடையே 3 டன்னைத் தாண்டும். கவைகளில் சுமை இல்லாதபோது, எதிர் எடை பின்னால் இருப்பதால், அந்த எடையில் பெரும்பகுதி பின் அச்சின்மீதே விழுகிறது. அன்று கவைகள் காலியாக இருந்தன.

அவர் பாதுகாப்புக் காலணி அணிந்திருந்தார். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விரல்களுக்கு மேலே இருக்கும் எஃகுக் குமிழ், ஐ.எஸ்.ஓ. 20345 தரத்தின்படி 200 ஜூல் மோதலையும் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். அது தன் வேலையைச் செய்தது: ஐந்து விரல்களும் நகம்கூடப் பெயராமல் தப்பின. ஆனால் குமிழ் விரல்களோடு முடிந்துவிடுகிறது. சக்கரம் ஏறியது அதற்குப் பின்னால், காலணியின் கயிறு கட்டும் இடத்தில். புறங்காலுக்கான கூடுதல் கவசம் பொருத்திய காலணிகள் தனியாக உண்டு. இவர் அணிந்திருந்தது அந்த வகை அல்ல. எஃகுக் குமிழ் வளைந்து விரல்களை வெட்டிவிடும் என்று பல தொழிலாளர்கள் நம்புகிறார்கள். இந்த நோயாளியின் காலணியை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். குமிழில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்கு ஒரு விரற்கடை பின்னால் தோல் பிளந்து, நாக்குப் பகுதி காகிதம்போலத் தட்டையாகியிருந்தது.

முதல் ஆறு மணி நேரம்

ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். புறங்காலின் உட்பக்கத்தில் 4 செ.மீ. நீளத்தில் தோல் வெடித்திருந்தது. அதைச் சுற்றியிருந்த தோல் பார்வைக்கு முழுமையாக இருந்தாலும், விரலால் தள்ளினால் அடியில் ஒட்டாமல் நகர்ந்தது. சக்கரம் உருண்டு செல்லும்போது தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் தசையுறையிலிருந்து உரித்துவிடுவதுதான் இதற்குக் காரணம். வெளியே காயமே தெரியாமலும் இது நேரலாம். முதல் ஆன்டிபயாட்டிக் ஊசியும் டெட்டனஸ் தடுப்பும் வந்த சிறிது நேரத்திலேயே போடப்பட்டன. காயம் சிறியதாக இருந்தாலும், நசுங்கிய விதத்தைக் கருதி அதை, திறந்த முறிவுகளைத் தீவிரத்தின்படி பிரிக்கும் குஸ்டிலோ வகைப்பாட்டில் மிகக் கடுமையான மூன்றாம் நிலைத் திறந்த முறிவாகவே பதிவு செய்தார்கள். தசைச் சிதைவால் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறதா என்று இரத்தத்தில் பொட்டாசியத்தையும் சிறுநீரின் நிறத்தையும் கவனித்தார்கள். பாதத்தில் தசைத் திரள் குறைவு என்பதால், தொடை நசுங்கியவர்களைப் போல அந்த ஆபத்து இங்கே பெரிதல்ல. பரிசோதனைகளும் இயல்பாகவே இருந்தன.

எக்ஸ்ரேயில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது மெட்டாடார்சல் எலும்புகள் (விரல்களுக்குப் பின்னால் பாதத்தில் உள்ள நீள எலும்புகள்) நடுவில் முறிந்திருந்தன. அவை எளிதில் கண்ணில் படும் முறிவுகள். படத்தைப் பார்த்த மருத்துவர் அவற்றோடு நிற்காமல், முதல் எலும்புக்கும் இரண்டாவது எலும்புக்கும் இடையே, அடிப்பகுதியில், அரிசிமணி அளவில் ஒரு சிதறலையும் குறித்து வைத்தார். பாதத்தின் நடு வளைவைப் பூட்டி வைத்திருக்கும் லிஸ்ஃபிராங்க் தசைநார், தான் பற்றியிருந்த எலும்பின் ஒரு துணுக்கையும் பிய்த்துக்கொண்டு அறுந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. இரண்டாவது மெட்டாடார்சலின் அடிப்பகுதி, வளைவுக் கட்டுமானத்தின் உச்சிக்கல்லைப் போல மற்ற எலும்புகளுக்கிடையே செருகியிருக்கிறது. அந்தப் பூட்டு விலகினால் உடல் எடை இறங்க இறங்க வளைவே சரிந்துவிடும். படுத்த நிலையில் எடுக்கும் எக்ஸ்ரேயில் இந்த விலகல் தெரியாமல் போவது புதிதல்ல. சி.டி. ஸ்கேன் அதை உறுதி செய்தது. வெளிப்பக்கத்தில் க்யூபாய்டு எலும்பும் ஓரளவு நசுங்கியிருந்தது தெரிய வந்தது.

ஆனால் அந்தப் பிற்பகலில் பாதத்தின் விதியைத் தீர்மானித்தது ஸ்கேன் அல்ல. மூன்று மணி அளவில் வார்டில் இருந்த செவிலியர் எழுதிய குறிப்பு இது: 'மார்பின் கொடுத்து 40 நிமிடம் ஆகியும் வலி குறையவில்லை. பெருவிரலை மேல்நோக்கி மெல்ல அசைத்தாலே கத்துகிறார். பாதம் கல்லைப் போல இருக்கிறது.' அழைக்கப்பட்ட இளநிலை மருத்துவர் புறங்காலில் நாடித் துடிப்பு நன்றாகக் கிடைப்பதைப் பார்த்துவிட்டு, கட்டைத் தளர்த்திக் காலை உயர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறார். செவிலியர் அதோடு விடவில்லை. மூத்த மருத்துவரை நேரடியாக அழைத்தார்.

நாடி கிடைப்பது இந்த நிலையில் ஆறுதல் தரக்கூடியது அல்ல. பாதத்தின் சிறு தசைகள் விரிவடையாத உறைகளுக்குள் தனித்தனி அறைகளாக அடைபட்டுள்ளன. பெரும்பாலான நூல்கள் ஒன்பது அறைகளைக் குறிப்பிடுகின்றன. இரத்தக் கசிவாலும் வீக்கத்தாலும் அறைக்குள் அழுத்தம் ஏறும்போது முதலில் அடைபடுவது நுண்குழாய்களின் ஓட்டமே. தமனியின் அழுத்தம் அதைவிட மிக அதிகம் என்பதால் நாடி கடைசிவரை துடித்துக்கொண்டிருக்கலாம். காலை இதயத்தின் மட்டத்துக்கு மேலே தூக்குவதும் இங்கே பாதகமாகிறது: உள்ளே போகும் இரத்தத்தின் அழுத்தம் குறைவதால், ஏற்கெனவே பட்டினி கிடக்கும் தசைக்கு இன்னும் குறைவாகவே கிடைக்கும். ஊசி செருகி அளந்தபோது ஒரு அறையில் அழுத்தம் 48 மி.மீ. பாதரசம், அப்போது அவருடைய இதய விரிவழுத்தம் (இரத்த அழுத்த அளவின் கீழ் எண்) 70. இரண்டுக்கும் இடையே 30-க்குக் குறைவான வித்தியாசம் இருந்தால் ஆபத்து என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். இங்கே 22 தான் இருந்தது.

காயம் பட்டு ஆறு மணி நேரத்துக்குள் அறுவை அரங்கில் தசையுறைகள் திறக்கப்பட்டன: புறங்காலில் இரண்டு நீளக் கீறல்கள், உட்பக்கத்தில் ஒன்று. பாதத்தில் இதைச் செய்ய வேண்டுமா என்பதில் அறுவை மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. திறந்த காயங்கள் தரும் தொல்லையைவிட, பின்னாளில் மடங்கிப் போகும் விரல்களைச் சரிசெய்வது எளிது என்று கருதுபவர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதத்தில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் தசைகள் பெருமளவில் செத்துப்போன பாதங்களுக்குப் பின்னாளில் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில், இந்த நோயாளிக்குக் கிடைத்த அந்த ஆறு மணி நேரத்தை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன். அதே அமர்வில் விலகிய எலும்புகளைக் கே-வயர்கள் எனப்படும் மெல்லிய உலோகக் கம்பிகளால் தற்காலிகமாக நிறுத்தினார்கள்.

தோல் வைத்த கெடு

இரண்டாம் நாள் மீண்டும் திறந்து பார்த்தபோது, முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலிருந்த சிறு தசையின் ஒரு பகுதி நிறம் மாறி, தொட்டாலும் சுருங்காமல் கிடந்தது, அதை அகற்றினார்கள். ஐந்தாம் நாளில் புறங்காலின் நடுவே ஏறக்குறைய 5 செ.மீ.க்கு 4 செ.மீ. அளவில் தோல் கறுத்துவிட்டது. ஒன்பதாம் நாள் அந்தக் கருமையைத் தன் கைபேசிப் படத்தில் பார்த்த நோயாளி, 'இதுக்கும் சிகரெட்டுக்கும் சம்பந்தம் இருக்கா சார்?' என்று கேட்டார். இருக்கிறது என்றேன்: நிக்கோடின் நுண்குழாய்களைச் சுருக்குகிறது, பிழைக்கலாமா வேண்டாமா என்று ஊசலாடும் தோலுக்கு அதுவே போதும். அன்றிலிருந்து அவர் புகைக்கவில்லை. இந்தச் சிகிச்சையில் நோயாளி எடுத்த முடிவுகளில் மிகப் பெரியது இதுதான் என்பது என் கருத்து.

கறுத்த தோலை அகற்றிய இடத்தில் காயத்தின் கசிவை உறிஞ்சி எடுக்கும் எதிர்மறை அழுத்தக் கட்டு போடப்பட்டது. எலும்புகளை நிலையாகப் பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு 13 நாள் காத்திருந்தார்கள். வீக்கம் வற்றி, எஞ்சிய தோலில் மெல்லிய சுருக்கங்கள் திரும்பும்வரை கத்தி வைப்பதில்லை என்பது பாத அறுவை மருத்துவர்களின் பழைய விதி. நசுங்கு காயத்தில் எலும்பின் அவசரத்துக்குத் தோல் இசைவதில்லை. தட்டு வைத்து மூடுவதற்குத் தோல் இடம் தராததால் உட்பக்க மூட்டுகளை மூன்று திருகாணிகளாலும், நடக்கும்போது சற்றே அசைய வேண்டிய வெளிப்பக்க மூட்டுகளைக் கே-வயர்களாலும் பொருத்தினார்கள். அதே நாளில் தொடையிலிருந்து மெல்லிய தோல் சீவி எடுக்கப்பட்டு புறங்காலில் ஒட்டப்பட்டது. தசைநாண்களின்மீது அவற்றின் மெல்லிய உறை எஞ்சியிருந்ததால்தான் இந்த எளிய ஒட்டு சாத்தியமாயிற்று. உறையற்ற நாணின்மேல் தோல் ஒட்டு பிடிக்காது. ஒட்டிய ஐந்தாம் நாள் கட்டுப் பிரித்தபோது ஒட்டு ஏறக்குறைய முழுவதும் பிடித்திருந்தது.

இந்தக் காலத்தில் என் பணி எளியது. இடுப்புக்கும் முழங்காலுக்கும் பயிற்சி, கணுக்கால் கீழ்நோக்கி விறைத்துவிடாமல் 90 பாகையில் நிறுத்தும் பூட், ஊன்றுகோலில் ஒற்றைக்கால் நடை. ஆறாம் வாரம் கே-வயர்களை எடுத்தார்கள். எல்லாம் கால அட்டவணைப்படி நடந்தது.

ஏழாம் வாரம்

என் பதிவேட்டில் நான்காம் வாரத்தில் ஒரு வரி இருக்கிறது: 'கட்டைக் குறித்து எந்தப் புகாரும் இல்லை. நன்றாக ஒத்துழைக்கிறார்.' அதை இன்று படிக்கும்போது கூச்சமாக இருக்கிறது. அவர் புகார் சொல்லாததற்குக் காரணம், பாதத்தைப் பற்றி நினைப்பதையே நிறுத்தியிருந்ததுதான். கட்டு மாற்றும் நேரத்தில் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வதை நான் பார்த்திருந்தேன். பலரும் அப்படிச் செய்வார்கள் என்பதால் பொருட்படுத்தவில்லை. படுக்கையிலிருந்து இறங்கும்போது இரு கைகளாலும் வலது தொடையைத் தூக்கி, ஒரு பொருளை எடுத்து வைப்பதைப் போல வைப்பார். 'என் கால்' என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை, எப்போதும் 'அது'. 'அது ராத்திரி எரியுது', 'அதைத் தொடாதீங்க சார்.'

ஏழாம் வாரம் பூட்டைக் கழற்றி, வெறும் பாதத்தை அவர் மடிமீது வைக்கச் சொன்னேன். மறுத்துவிட்டார். நானே கையில் ஏந்திப் பார்த்தபோது பாதம் ஊதா கலந்த சிவப்பு நிறத்தில், ஈரமாக, இடது பாதத்தைவிட 2.5 பாகை குளிர்ந்து இருந்தது. வலது கணுக்காலுக்குக் கீழே முடி கறுத்து அடர்ந்திருந்தது. நகங்கள் வளைந்து தடித்திருந்தன. காயமே படாத சிறுவிரலின்மீது பஞ்சு உராய்ந்தபோது காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். காயம் பட்ட இடத்தின் வலி அல்ல இது. காயத்தின் எல்லையைத் தாண்டி, எந்தவொரு நரம்பின் வட்டாரத்துக்குள்ளும் அடங்காமல் பாதம் முழுவதும் பரவிய வலி. 2003-இல் புடாபெஸ்ட் நகரில் கூடிய வல்லுநர்கள் வகுத்த அளவுகோல்களின்படி நான்கு பிரிவுகளிலும் அறிகுறிகள் இருந்தன: உணர்ச்சி மிகை, நிற–வெப்ப மாறுபாடு, வியர்வையும் வீக்கமும், அசைவுக் குறைவோடு முடி–நக மாற்றம். சி.ஆர்.பி.எஸ். எனப்படும் சிக்கலான வட்டார வலி நோய்க்குறி என்று முடிவு செய்து, வலி மருத்துவரிடம் அனுப்பினோம்.

இதை இரண்டு அல்லது மூன்று வாரம் முன்பே கண்டிருக்கலாம். கட்டுக்குள் இருக்கும் பாதத்தின் நிறமும் வெப்பமும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் விரல் நுனிகள் வெளியே இருந்தன, முகத்தைத் திருப்பிக்கொண்டது என் கண்ணெதிரே நடந்தது. வைட்டமின் சி மாத்திரை கொடுத்திருந்தால் இது வராமலிருந்திருக்குமா என்று அவருடைய மனைவி கேட்டார். மணிக்கட்டு முறிவுகளில் அது உதவும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, சில மறுக்கின்றன. நசுங்கிய பாதத்தில் அது முடிவை மாற்றியிருக்கும் என்று உறுதி கூற என்னால் இயலவில்லை என்று சொன்னேன்.

நரம்பு வலிக்கான காபாபென்டின் மாத்திரை அவருக்குத் தூக்கத்தைத் திருப்பித் தந்தது. தொடுவலி அதற்கு அசைந்து கொடுக்கவில்லை. எனவே பாதத்தைத் தொடாமலேயே தொடங்க வேண்டியிருந்தது. முதல் இரண்டு வாரம் அவர் செய்ததெல்லாம் பாதங்களின் புகைப்படங்களைப் பார்த்து இடதா வலதா என்று சொல்வதுதான். கேட்பதற்கு விளையாட்டாகத் தோன்றும். தொடக்கத்தில் இடது பாதப் படங்களைச் சட்டென்று சொன்னவர், வலது பாதப் படங்களில் தடுமாறினார், பாதிக்குப் பாதி தவறினார். மூளைக்குள் அந்தப் பாதத்தின் வரைபடம் மங்கியிருந்தது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று எனக்குத் தேவைப்படவில்லை. அடுத்த கட்டத்தில் அசைக்காமல், அசைப்பதாக நினைத்துப் பார்ப்பது. அதற்கும் பிறகு கண்ணாடி: இரு கால்களுக்கும் நடுவில் நீளக் கண்ணாடியை நிறுத்தி, வலது காலை அதன் பின்னால் மறைத்து, இடது பாதத்தின் பிம்பம் வலது பாதம் இருக்க வேண்டிய இடத்தில் தெரியும்படி உட்கார வைப்போம். இடது விரல்களை அவர் மடக்கி நீட்டியபோது, கண்ணாடிக்குள் 'வலது' பாதம் வலியில்லாமல் அசைந்தது. நான்காவது நாளில் மறைந்திருந்த வலது விரல்களும் கூடவே அசைந்ததை நான் பார்த்தேன், அவருக்குத் தெரியவில்லை. அப்போது நான் அதைச் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துச் சொன்னேன்.

தொடு பயிற்சியைப் பட்டுத் துணியில் தொடங்கி, பஞ்சு, துவாலை, மணல் என்று கொண்டுசென்றோம். ஒரு நாளில் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் இரண்டே நிமிடம், அவருடைய கையாலேயே. பிறர் தொடுவதைவிடத் தான் தொடுவது பொதுவாகக் குறைவாகவே வலிக்கும் என்பதும், தன் கை பாதத்தை மீண்டும் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பதும் அதற்குக் காரணங்கள்.

எடை பார்க்கும் கருவி

12-ஆம் வாரம் அறுவை மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு முழு எடையையும் ஊன்றலாம் என்று அனுமதித்தார். எலும்பைப் பொறுத்தவரை அது சரியான அனுமதி. நோயாளி அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார்: எலும்பு கூடிவிட்டது, இருந்தும் என்னால் நிற்க முடியவில்லை, ஆகவே குறை என்னிடம் இருக்கிறது. அந்த வாரம் இரண்டு அமர்வுகளுக்கு அவர் வரவில்லை.

மூன்றாவது அமர்வில் வீட்டில் பயன்படுத்தும் சாதாரண எடை பார்க்கும் கருவி ஒன்றைத் தரையில் வைத்தேன். அவருடைய எடை 72 கிலோ. இடது காலைத் தரையிலும் வலது பாதத்தைக் கருவியின்மீதும் வைத்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு முள் எதுவரை போகிறது என்று பார்க்கச் சொன்னேன். முள் 4-ஐத் தொட்டது. 'இன்றைக்கு 4 தான் உங்கள் கணக்கு. நாளை மறுநாள் 6. வலியே இல்லாவிட்டாலும் 6-ஐத் தாண்டக் கூடாது' என்றேன். தாண்டக் கூடாது என்ற தடை அவருக்கு வியப்பாக இருந்தது. இதுவரை எல்லோரும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். நல்ல நாளில் அளவுக்கு மீறி நின்று, அடுத்த மூன்று நாட்கள் வீங்கிப் படுப்பதுதான் இந்த நோய்க்குறியில் முன்னேற்றத்தைக் கெடுக்கும் முதல் எதிரி. அளவை வலி தீர்மானிக்காமல் முள் தீர்மானிக்கட்டும் என்பதே உத்தி. 16-ஆம் வாரத்தில் 20 கிலோ. 19-ஆம் வாரத்தில் 36, அதாவது இரண்டு கால்களிலும் சமமாக நிற்கும் அளவு. 22-ஆம் வாரத்தில் பூட் அணிந்து முழு எடை. இடையில் 17-ஆம் வாரம் காரணமின்றி 20-லிருந்து 12-க்கு இறங்கினார். ஒன்றும் செய்யவில்லை, 12-லிருந்து மறுபடி ஏறினோம்.

நடையும் காலணியும்

ஆறாம் மாதம் திருகாணிகளில் இரண்டை எடுத்தார்கள்; மூன்றாவது ஏற்கெனவே நடுவில் உடைந்திருந்தது, அதை உள்ளேயே விட்டார்கள். உடைந்த திருகாணி நோயாளிகளை அச்சுறுத்தும் செய்தி. இயல்பாகவே கொஞ்சம் அசையும் மூட்டின் குறுக்கே செல்லும் உலோகம், நடை திரும்பும்போது உடைவது வழக்கமானதுதான் என்பதையும், அதற்குள் அது தன் வேலையை முடித்திருந்தது என்பதையும் எக்ஸ்ரேயைக் காட்டியே விளக்கினோம்.

காலணிக்குத்தான் நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் செலவாயிற்று. நடுப்பாத மூட்டுகள் விறைத்திருந்ததால், அடியெடுக்கும்போது முன்பாதம் வளையும் கணத்தில் வலித்தது. வளையாத அடித்தட்டும், தொட்டில்போல முன்னோக்கி உருளும் அடிப்பாகமும் உள்ள காலணி அந்த வளைவை இல்லாமல் செய்தது. மாற்றிய முதல் நாளே அவருடைய அடி நீளம் கூடியது. சிறு தசைகளில் ஒரு பகுதி இழந்துபோனதால் இரண்டாவது விரல் பறவையின் கால்நகத்தைப் போல வளைந்து காலணியின் மேல்பகுதியில் உராய்ந்தது. விரலுக்கடியில் சிலிக்கோன் மெத்தையும் உள்ளே உயரமான முன்பகுதியும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. நாணை வெட்டி நீட்டும் சிறு அறுவை சிகிச்சையை அவர் விரும்பவில்லை.

ஒட்டப்பட்ட தோலில் உணர்ச்சி இல்லை. முதல் இரண்டு விரல்களுக்கு இடையிலும் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை அவர் உணரவில்லை. வெட்டுண்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளரும் என்பது உண்மையானாலும், நசுங்கிய தடத்தின் வழியே அது போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. எட்டாம் மாதம் ஒரு மாலை காலணியைக் கழற்றியபோது காலுறையில் ஈரம் இருந்ததைக் கண்டார். காலணி நாக்கின் மடிப்பு ஒட்டுத்தோலின்மீது காசளவு கொப்புளத்தைக் கிளப்பி, அது உடைந்தும் போயிருந்தது. நாள் முழுவதும் அவருக்கு எதுவுமே தெரியவில்லை. ஆறுவதற்கு ஐந்து வாரம் ஆயிற்று. அன்று முதல் காலையிலும் இரவிலும் கைக்கண்ணாடி வைத்துப் பாதத்தின் எல்லாப் பக்கங்களையும் பார்க்கிறார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தவர் இப்போது ஒரு நாளில் இரண்டு முறை பார்க்கிறார் என்பதைப் பதிவேட்டில் தனி வரியாக எழுதினேன்.

வேலைக்குத் திரும்புவதற்குப் பாதத்தைவிட ஒரு சத்தம் தடையாக இருந்தது: வண்டிகள் பின்னோக்கி வரும்போது எழுப்பும் எச்சரிக்கை ஒலி. தெருவில் எங்கோ அது கேட்டாலும் வியர்த்து நின்றுவிடுவார். அந்த நேரத்தில் பாதம் நிறம் மாறுவதையும் இரண்டு முறை பார்த்தேன். மனநல ஆலோசகர் அந்த ஒலியைப் பதிவு செய்து, கேட்க முடியாத அளவிலிருந்து படிப்படியாகக் கூட்டிக் கேட்க வைத்தார். பத்தாம் மாதம் இருக்கையில் அமர்ந்து சரக்குக் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தார்.

14-ஆம் மாதப் பரிசோதனை

ஆறு நிமிட நடையில் 430 மீட்டர் கடந்தார். ஆறாம் மாதத்தில் அது 190 ஆக இருந்தது. ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கும் பயிற்சியில் இடது 25, வலது 11. வெப்ப வித்தியாசம் ஒரு பாகைக்கும் கீழே. பஞ்சு வலிக்கவில்லை, குளிர்ந்த நீர் மட்டும் எரிகிறது. நான்கு மணி நேரம் நின்ற நாட்களில் மாலையில் வீக்கம் வருகிறது, காலையில் வற்றிவிடுகிறது. எக்ஸ்ரேயில் இரண்டாவது மெட்டாடார்சலின் அடி மூட்டு இடைவெளி குறைந்திருக்கிறது. மூட்டுத் தேய்வின் தொடக்கம் என்று கருதுகிறோம். வலி அதிகமானால் அந்த மூட்டை அசையாமல் இணைத்துவிடும் அறுவை சிகிச்சை ஒரு வழியாக இருக்கிறது. இப்போதைக்கு ஆண்டுக்கொரு முறை படம் எடுத்துப் பார்ப்பதாக முடிவு.

பரிசோதனை முடிந்து காலுறையை அணியும்போது அவர் இரண்டாவது விரலை நீவி நேராக்கிவிட்டு, 'குளிர் வந்தா என் கால் கொஞ்சம் முறுக்கிக்குது சார், மெத்தையை மாத்தித் தர முடியுமா?' என்று கேட்டார். 4 மி.மீ. கனமுள்ள சிலிக்கோன் மெத்தையை எடுத்துவிட்டு 6 மி.மீ. கனமுள்ளதைப் பொருத்தி அனுப்பினேன்.